பென்சிலில் எழுதிய ஆசிரியை

என் அண்ணிக்கு மறதி கிடையாது. நல்லது செய்தவர்களையும் மறக்கமாட்டாள், ஆனால் அந்தப் பட்டியல் சின்னது. கல்யாணமான புதிதில் ஒரு பஸ் கண்டக்டர், இவள் ஓடி வருவதைப் பார்த்துக்கொண்டே விசில் ஊதிவிட்டார். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் அந்தக் கண்டக்டர் இருந்த பஸ்ஸில் அண்ணி ஏறவில்லை. வெயிலோ மழையோ, அடுத்த பஸ்ஸுக்கு இருபது நிமிஷம் நிற்பாள். அவர் ஓய்வு பெற்ற செய்தி வந்த அன்றைக்குத்தான், "சரி, இனி சீக்கிரம் வீட்டுக்கு வரலாம்" என்றாள். இப்படி ஒருத்தி ஒன்பது வருஷம் தன்மேல் கோபமாக இருந்ததே அந்த மனிதருக்குத் தெரியாது.

"அவருக்கே தெரியாம கோவப்பட்டு என்ன பிரயோஜனம்?" என்று அண்ணன் கேட்டான்.

"எனக்குத் தெரியுமே" என்றாள் அண்ணி.

அப்படிப்பட்டவளைத்தான் எங்கள் தலைமையாசிரியர் பதினோரு வருஷம் ஏமாற்றினார். அந்த ஆளுக்கு எவ்வளவு துணிச்சல் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

அண்ணி அந்தப் பள்ளியில் பகுதிநேர வரலாற்று ஆசிரியை. எட்டு வருஷம் கழித்து நானும் அவள் சொல்லி அங்கேயே பகுதிநேர ஓவிய ஆசிரியையாகச் சேர்ந்தேன். பகுதிநேரம் என்றால் வாரத்துக்குப் பதினெட்டு பீரியட். ஒரு பருவம் முழுக்க அதற்கு மேல் ஒருவர் எடுத்தால் அவரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது விதி. விதி இருந்தால் அதற்கு ஒரு வழியும் இருக்குமல்லவா, அந்த வழியைக் கண்டுபிடித்தவர் எங்கள் தலைமையாசிரியர். அவர் அறையின் சுவரில் ஒரு ஆள் உயரத்துக்குக் கால அட்டவணை தொங்கும். நிரந்தர ஆசிரியர்களின் பெயர்கள் அதில் பேனாவில் இருக்கும். எங்கள் பெயர்கள் பென்சிலில். வாரம் முழுக்க இருபத்தைந்து, இருபத்தெட்டு என்று வேலை வாங்குவார். வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்ததும் ஒரு வெள்ளை ரப்பரை எடுத்துக்கொண்டு அட்டவணை முன்னால் நிற்பார். பதினெட்டுக்கு மேல் உள்ளதெல்லாம் போய்விடும். பதிவேட்டிலும் அப்படித்தான். சாயங்காலம் பெருக்க வரும் அம்மா தரையில் கிடக்கும் துகளைப் பார்த்து, "இன்னிக்கு யாரை அழிச்சாரு?" என்று எங்களிடம் கேட்பார். நாங்கள் அவருக்கு வைத்த பெயரும் ரப்பர்தான்.

அண்ணியின் பீரியடுகள்தான் அதிகமாக அழிந்தன. காரணம் கடைசி அறை. மாடிப்படிக்கு அடியில், ஜன்னல் ஒன்று மட்டும் உள்ள அறை அது. எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாத பிள்ளைகள் வகுப்புக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். அவர்களால் மற்றவர்களுக்குத் தொல்லை என்று ஒருநாள் ரப்பர் அந்தப் பிள்ளைகளைத் திரட்டி அண்ணியின் தலையில் கட்டினார். "தினம் ரெண்டு பீரியட் பார்த்துக்கங்க டீச்சர். அடுத்த வருஷம் உங்க பேரைப் பேனாவுல எழுதிடுறேன்."

அண்ணிக்கு அதில் ஒரு பயிற்சியும் கிடையாது. தானாகவே ஒரு வழி பிடித்தாள். மணலில் எழுத வைத்தாள். சொல்லை உடைத்து உடைத்துக் கை தட்ட வைத்தாள். நான் சேர்ந்த பிறகு என்னைப் பிடித்துக்கொண்டாள். ஒரு சொல்லுக்கு ஒரு படம் என்று அட்டைகள் வரைந்து கொடுத்தேன். மூன்று வருஷத்தில் முந்நூற்றுச் சொச்சம் அட்டைகள். என் பீரியட் இல்லாத நேரத்தில் நானும் அங்கே போய் உட்காருவேன். மழை இல்லாத நாளிலும் குடையோடு வரும் ஒரு சிறுமி இருந்தாள், குடைக்காரி என்று கூப்பிடுவோம். மூன்று வருஷமாக வாயே திறக்காதவள், ஒருநாள் ஒரு முழு வரியைப் படித்துவிட்டு, தானே பயந்துபோய்க் குடைக்குள் ஒளிந்துகொண்டாள். அன்று அண்ணி வீட்டுக்கு வந்து யாரிடமும் சண்டை போடவில்லை. அண்ணன் எனக்குக் கண்ணைக் காட்டி, "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டான்.

அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று ஆறு வருஷம் போயிற்று. பதினோராவது வருஷம் நிரந்தர வரலாற்று ஆசிரியர் ஒருவர் ஓய்வு பெற்றார். இடம் காலி. நாங்கள் எல்லோரும் அண்ணிக்குத்தான் என்று இருந்தோம். ரப்பர் அதைத் தன் மச்சினியின் மகனுக்குக் கொடுத்தார். படித்து முடித்து ஆறு மாதம்கூட ஆகாத பையன், அண்ணியிடமே வந்து, "இந்தப் பாடத்தை எப்படி மேடம் ஆரம்பிக்கிறது?" என்று கேட்டான்.

அண்ணி நேரே ரப்பர் அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"ஆறு வருஷமா சொல்லிட்டிருந்தீங்களே சார்."

ரப்பர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "வரலாறு படிச்சவங்க தெருவுக்கு நாலு பேர் இருக்காங்க டீச்சர். நீங்க இல்லன்னா நாளைக்கு இன்னொருத்தர். இதுல வருத்தப்பட என்ன இருக்கு?"

அண்ணி ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்தாள். எனக்குத்தான் பயமாக இருந்தது. அண்ணி கத்தினால் அது அரை மணி நேரத்துச் சமாசாரம். பேசாமல் வந்தால் அதற்கு ஆயுசு அதிகம்.

அன்று சாயங்காலம் ஒரு பழைய நோட்டை எடுத்து மேசையில் போட்டாள். "நான் இல்லன்னா இன்னொருத்தர் கிடைக்காதுங்கிற படிப்பு எதுன்னு கண்டுபிடிக்கப் போறேன்."

சனிக்கிழமைதோறும் நூலகத்துக்குப் போனாள். ஆசிரியர் தேவை விளம்பரங்களை ஒன்று விடாமல் படித்து, பாடவாரியாகக் கோடு போட்டாள். பதினான்கு வாரம். வரலாற்றுக்கு மூன்று கோடு. மொழிக்கு ஒன்பது. கணக்குக்கு நாற்பது.

"கணக்கு படிச்சிடேன்" என்றான் அண்ணன். அவனுக்கு மருந்துக் கடையில் வேலை, எதற்கும் உடனே ஒரு மருந்து சொல்லிவிடுவான்.

"எனக்கும் கணக்குக்கும் ஜென்மப் பகை. பழி வாங்கப் போற இடத்துல நானே பலியாகக் கூடாது" என்றாள் அண்ணி.

கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர், அதற்கு எழுபத்திரண்டு கோடு. அதைவிட முக்கியமான ஒன்றையும் அண்ணி பார்த்து வைத்திருந்தாள். "கணக்கு விளம்பரம் ரெண்டு வாரம் வந்து நின்னுடுது, ஆள் கிடைச்சிடுதுன்னு அர்த்தம். இதப் பாரு, ஒரே பள்ளிக்கூடம், ஒரே விளம்பரம், ஒன்பது வாரம். ஒருத்தர்கூட வரல."

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அண்ணி அந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்ததைப் பற்றிப் பிற்பாடு பலர் மேடையில் பேசினார்கள், கருணை அது இது என்று. அந்தப் பிள்ளைகள்மேல் அவளுக்குப் பாசம் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் படிப்பை அவள் எடுத்தது ரப்பர் ஒருநாள் தன் வாசலில் வந்து நிற்க வேண்டும் என்பதற்காக. அதை அவளே என்னிடம் சொன்னாள், துணி மடித்துக்கொண்டே.

படிப்பு இரண்டு வருஷம். ஆனால் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மூன்று வருஷம் பாடம் நடத்தியதாகத் தலைமையாசிரியர் எழுதிக் கொடுத்தால் நேரே இரண்டாம் வருஷத்தில் சேரலாம். அண்ணிக்கு ஆறு வருஷம் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் ரப்பரிடம் போய்க் கடிதம் கேட்டாள். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று ஐந்து வாரம் நடக்கவிட்டார். அவருடைய பயம் எங்களுக்குப் புரிந்தது. கடைசி அறையில் வகுப்பு நடந்தது என்று எழுதினால், பதினெட்டுக்கு மேல் வேலை வாங்கியதை ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆறாவது வாரம் ஒரு உறையைக் கொடுத்தார். பள்ளி முத்திரை, கையெழுத்து, தேதி எல்லாம் சுத்தமாக இருந்தன. உள்ளே இப்படி இருந்தது: "இப்பள்ளியில் கற்றல் குறைபாடுள்ள மாணவர்களுக்கென எக்காலத்திலும் எந்த வகுப்பும் நடத்தப்பட்டதில்லை. ஆகவே மேற்படி பகுதிநேர ஆசிரியை அத்தகைய வகுப்பு எதையும் எடுத்ததில்லை."

முதல் வரிக்கு அவசியமே இல்லை. பயந்தவன் கதவுக்கு ரெண்டு பூட்டு போடுகிற வேலை அது.

அண்ணி இரண்டு தடவை படித்தாள். பிறகு கடைக்குப் போய் அதை லேமினேட் செய்துகொண்டு வந்தாள்.

"எதுக்கு அண்ணி இதுக்குப் போய் இவ்வளவு மரியாதை?"

"பதினோரு வருஷத்துல அந்த ஆள் எனக்காகப் பேனாவுல எழுதினது இது ஒண்ணுதான். பத்திரமா இருக்கட்டும்" என்றாள். தாளை அலமாரியில் வைத்தாள். "வேலை போனா போகுது. அந்த வகுப்பு நடந்துச்சுன்னு அந்த ஆள் கையாலயே எழுத வைக்கிறேன் பாரு. அன்னிக்குத்தான் எனக்கு மனசு ஆறும்."

அந்தப் பருவத்தோடு பள்ளியை விட்டாள். நான் இருந்தேன், வீட்டில் இருவருமே வேலையில்லாமல் உட்கார முடியாதல்லவா. பிள்ளைகள் மறுபடி கடைசி பெஞ்சுக்குப் போனார்கள். கடைசி அறையில் உடைந்த மேசைகளைப் போட்டார்கள். என் அட்டைகள் இருந்த பெட்டியைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிட்டார் ரப்பர். முந்நூற்றுச் சொச்சம் அட்டைகள். அதை நான் கேள்விப்பட்டபோது மதியம். அன்று நடத்த வேண்டிய பாடம் பழங்கள். வகுப்பில் போய் எதையோ கோணலாகக் கிறுக்கிவிட்டு வந்தேன். அந்த ஆளை நிற்கவைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று எனக்கும் அன்று தோன்றியது.

அண்ணி இரண்டு வருஷம் முழுசாகப் படித்தாள். ரப்பர் நேர்மையாக இருந்திருந்தால் ஒரு வருஷம் மிச்சம். அதையும் நோட்டில் ஒரு கோடாகப் போட்டு வைத்தாள். படித்து முடித்ததும் மேட்டுத் தெருவில் இருந்த சின்னப் பள்ளி ஒன்றில் வாரத்துக்கு மூன்று நாள் பகுதிநேரமாகச் சேர்ந்தாள். அங்கே தலைமையாசிரியை ஒரு பயந்த சுபாவக்காரி, எதையும் அழிக்கத் தெரியாது. அண்ணி எடுத்த ஒவ்வொரு பீரியடும் பதிவேட்டில் பேனாவில் ஏறியது.

ஒரு வருஷம் கழித்து உத்தரவு வந்தது. எங்கள் வட்டாரத்தில் ஒரே ஒரு பள்ளிக்குச் சிறப்புப் பிரிவு. நிரந்தரச் சிறப்பாசிரியர் பணியிடம், புது அறைகள், எல்லாம் உண்டு. ஏற்கனவே அப்படி வகுப்பு நடத்திய பள்ளிக்கு முன்னுரிமை. எங்கள் பள்ளியில் பிள்ளைகள் வருஷா வருஷம் குறைந்துகொண்டிருந்தார்கள். இந்தப் பிரிவு வராவிட்டால் ரப்பரின் நாற்காலி ஆடும். மேட்டுத் தெருப் பள்ளிக்கு ஒரு வருஷப் பதிவு இருந்தது. எங்களுக்கு ஆறு வருஷம் இருந்தது, ஆனால் அது தரையில் துகளாகி, பெருக்குகிற அம்மாவின் முறத்தில் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டு அழைப்பு மணி அடித்தது. அண்ணன் கதவைத் திறந்தான். ரப்பர், கையில் ஒரு பிஸ்கெட் பாக்கெட்டோடு நின்றிருந்தார்.

"டீச்சர் இருக்காங்களா?"

அண்ணன் திரும்பி எங்களைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. "இருக்காங்க, உள்ள வாங்க. மூணு வருஷமா உங்களைப் பத்திப் பேசாத நாளே இல்ல" என்றான்.

அண்ணி குளித்து, தலை வாரி, நிதானமாக வந்தாள். அதுவரை அவர் காத்து உட்கார்ந்திருந்தது அரை மணி நேரம்.

"அந்தக் கடைசி அறை வகுப்பு விஷயமா வந்தேன் டீச்சர். வெள்ளிக்கிழமை ஆய்வாளர் வர்றாங்க. நீங்க ஆறு வருஷம் எடுத்தீங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பிரிவு நமக்குத்தான். அந்த இடமும் உங்களுக்குத்தான். பேனாவுல, நிரந்தரமா."

"எதுவும் எழுதிக் கொடுக்கணுமா சார்?"

"உங்க வார்த்தையே போதும் டீச்சர்."

"சரி சார். வெள்ளிக்கிழமை நானே நேர்ல வர்றேன்."

அவர் போன பிறகு பிஸ்கெட் பாக்கெட்டை அண்ணி எதிர்வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். "என்ன அண்ணி, சரின்னுட்டீங்க?" என்றேன்.

"வர்றேன்னுதானே சொன்னேன்."

அந்த வாரம் பள்ளியில் ஒரே அமர்க்களம். கடைசி அறையிலிருந்து உடைந்த மேசைகள் வெளியே வந்தன, சுண்ணாம்பு அடித்தார்கள். திங்கட்கிழமை ரப்பர் என்னைக் கூப்பிட்டார். "அந்தப் பட அட்டையெல்லாம் ஒரு நாற்பது அம்பது வரைஞ்சு கொடுங்க டீச்சர். புதுசா தெரியக் கூடாது, கொஞ்சம் அழுக்காக்கிடுங்க. ஆறு வருஷம் பிள்ளைங்க கை பட்ட மாதிரி இருக்கணும்."

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் வரைந்தேன். ஈரத் தேயிலையைத் துணியில் முடிந்து ஓரங்களில் ஒற்றி அழுக்காகவும் ஆக்கினேன். புதன்கிழமை அட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் அட்டவணையைக் காட்டினார். வியாழன் மூன்றாம் பீரியடிலிருந்து என் பெயர் பேனாவில் இருந்தது. "உங்களையும் மறக்கல பார்த்தீங்களா" என்றார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆறு வருஷத்தில் என் பெயர் பேனாவில் ஏறியது அதுதான் முதல் முறை. அன்று வீட்டில் அண்ணியிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை என்ன நடக்கப் போகிறது என்று இருவருக்கும் தெரியும். நடந்தால் அந்தப் பெயர் நிற்காது என்பதும் தெரியும்.

"நான் போகலன்னா அவர் வேற ஏதாவது சொல்லிச் சமாளிச்சிடுவார். போகட்டுமா வேண்டாமா, நீ சொல்லு" என்றாள்.

அண்ணி என்னிடம் அனுமதி கேட்டது அது ஒரு தடவைதான். "போங்க அண்ணி" என்றேன். எடைக்குப் போன பெட்டிதான் கண்ணில் நின்றது.

ஆய்வாளர், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு அம்மா. பேச்சு குறைவு. பார்த்த ஒவ்வொரு காகிதத்தின் ஓரத்திலும் பச்சைப் பேனாவால் கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதுவார். சுவரில் தொங்கிய அட்டவணையிலும் எழுந்து போய்ப் போட்டார். பிறகு கடைசி அறைக்கு வந்தார். ரப்பர், அண்ணி, நான் மூவரும் கூடப் போனோம்.

"ஆறு வருஷம் வகுப்பு நடந்ததா எழுதியிருக்கீங்க. பதிவேடு எங்க?"

"கரையான் அரிச்சிடுச்சு மேடம். ஆனா வகுப்பு எடுத்த டீச்சரே வந்திருக்காங்க. அவங்க வாயாலயே கேளுங்க."

அண்ணி கைப்பையைத் திறந்தாள். "நான் சொல்றதைவிட சார் எழுதினது இருக்கு மேடம். அதுதான் நல்லாயிருக்கும்" என்று லேமினேட் செய்த தாளை நீட்டினாள்.

ஆய்வாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகவே படித்தார். எக்காலத்திலும் என்ற சொல்லில் ஒரு முறை நின்று, திரும்பவும் படித்தார். "உங்க கையெழுத்துதானே சார்?"

ரப்பர் முகத்தில் ஈயாடவில்லை. "அது... அப்ப ஒரு சூழ்நிலை மேடம்." சட்டென்று என் பக்கம் திரும்பினார். "பக்கத்துலயே இருந்தவங்க இவங்க. இந்த அட்டையெல்லாம் இவங்கதான் வரைஞ்சாங்க. சொல்லுங்க டீச்சர்."

பேனாவில் இருந்த என் பெயர் கண் முன்னால் வந்தது. "ஆமா மேடம், நான்தான் வரைஞ்சேன். திங்கட்கிழமை ஆரம்பிச்சு புதன்கிழமை முடிச்சேன். சார்தான் கொஞ்சம் அழுக்காக்கச் சொன்னார்" என்றேன்.

ஆய்வாளர் ஒரு அட்டையை எடுத்து மோந்து பார்த்தார். தேயிலை வாசனை இன்னும் இருந்திருக்க வேண்டும். அட்டையை மேசைமேல் வைத்தார். பருவ முடிவில் எல்லாப் பதிவேடுகளையும் பார்க்க மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிற்பாடு பிரிவு மேட்டுத் தெருப் பள்ளிக்குப் போயிற்று. நிரந்தரப் பணியிடம் அண்ணிக்கு. முதல் நாளே குடைக்காரியின் அம்மா அவளை அங்கே கொண்டுவந்து சேர்த்தாளாம்.

நான் நினைத்தது, அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் ஒரே கொண்டாட்டமாக இருக்கும் என்று. அண்ணன் ஐஸ்கிரீம்கூட வாங்கி வந்தான். அண்ணி தொடவில்லை.

"ஜெயிச்சாச்சே அண்ணி. அப்புறம் என்ன?"

"என்னத்த ஜெயிச்சேன். ஆறு வருஷம் அந்த வகுப்பு நடக்கவே இல்லன்னு நானே கொண்டுபோய்க் காட்டிட்டு வந்திருக்கேன். அந்த ஆள் ரப்பரால அழிச்சார். நான் அதுக்குச் சாட்சி சொல்லிட்டு வந்தேன்" என்றாள். ஐஸ்கிரீம் உருகி மேசையில் வழிந்தது, நான்தான் துடைத்தேன்.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனேன். ரப்பர் வராந்தாவில் நின்று, என் பீரியடுகளைக் குறைத்திருப்பதாகச் சொன்னார். வாரத்துக்கு நான்கு. நான் நேரே அவர் அறைக்குள் போய் அட்டவணையைப் பார்த்தேன். பேனா மை ரப்பருக்குப் போகாதே. வெள்ளிக்கிழமை சாயங்காலம், கோபத்தில், வழக்கமாக நிற்கும் அதே நேரத்தில் அதே இடத்தில் நின்று, பிளேடால் சுரண்டியிருக்கிறார். என் பெயர் இருந்த கட்டங்களில் எல்லாம் அட்டை கிழிந்து ஓட்டை. ஓட்டை வழியே சுவர் தெரிந்தது. அதே அட்டவணையின் கீழ் ஓரத்தில் ஆய்வாளரின் பச்சைக் கையெழுத்தும் வெள்ளிக்கிழமைத் தேதியும் இருந்தன.

பழக்கதோஷம் மனிதனை எங்கே கொண்டுபோய் விடுகிறது பாருங்கள். வேறு யாராயிருந்தாலும் அந்தக் கையெழுத்து கண்ணில் பட்டிருக்கும்.

அவர் பின்னாலேயே வந்தார். நான் எங்கே பார்க்கிறேன் என்று அவரும் பார்த்தார்.

"ஆய்வாளர் அம்மா மறுபடி வர்றாங்களாம் சார். கையெழுத்துப் போட்ட அட்டவணையில இது என்ன ஓட்டைன்னு கேட்டா என்ன சொல்லணும்?"

"டீச்சர், உங்க பேரை மறுபடி எழுதிடுறேன். இப்பவே. பேனாவுல."

"எங்க சார், அந்த ஓட்டைக்குள்ளயா?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு என்ன வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அண்ணி அந்தப் பழைய நோட்டை என் முன்னால் போட்டு, ஓவிய ஆசிரியருக்கு எத்தனை கோடு என்று எண்ணச் சொல்லியிருந்தாள். இரண்டு. "இந்த ரெண்டு கோட்டுக்கு எத்தனை வருஷம் காத்திருப்ப? நீயும் என் படிப்பையே படி" என்றிருந்தாள்.

"பேர் வேண்டாம் சார். சிறப்பாசிரியர் படிப்புல சேரப் போறேன். மூணு வருஷ அனுபவக் கடிதம் வேணும். நான் சொல்லச் சொல்ல எழுதுங்க."

பேனாவை எடுத்தார். நான் எதிரே உட்காரவில்லை. வகுப்பில் எழுதச் சொல்லிவிட்டு ஒவ்வொருவர் தோளுக்குப் பின்னாலும் போய் நிற்போமே, அப்படி நின்றுகொண்டேன். "இப்பள்ளியின் கடைசி அறையில், கற்றல் குறைபாடுள்ள மாணவர்களுக்கு ஆறு ஆண்டுகள் தினமும் வகுப்பு நடத்திய வரலாற்று ஆசிரியைக்கு உதவியாக, இவர் மூன்று ஆண்டுகள் பணியாற்றினார்."

ஆறு ஆண்டுகள் என்ற இடத்தில் பேனா நின்றது. "உங்க கடிதத்துல அவங்க எதுக்கு டீச்சர்?"

"அவங்க வகுப்பு நடத்தாம நான் யாருக்கு சார் உதவி பண்ணியிருப்பேன்? எழுதுங்க."

எழுதினார். முதல் தடவை 'தினமும்' விட்டுப்போயிற்று, கிழித்துப் போடச் சொன்னேன். இரண்டாவது தடவை முத்திரை பாதிதான் விழுந்தது. மூன்றாவதை வாங்கிக்கொண்டேன். எனக்குக் கிடைத்த சந்தோஷத்தைப் பற்றிப் பொய் சொல்லமாட்டேன். அந்த ஆள் கை நடுங்க நடுங்க எழுதியதை நான் ரசித்துப் பார்த்தேன்.

மாலையில் அண்ணி மேட்டுத் தெருப் பள்ளியிலிருந்து களைத்துப்போய் வந்தாள். கடிதத்தைக் கையில் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். பிறகு உட்கார்ந்து படித்தாள். ஆறு ஆண்டுகள் தினமும் என்ற வரியின்மேல் விரலை வைத்து, குடைக்காரிக்குச் சொல்லிக் கொடுப்பாளே, அப்படிச் சொல் சொல்லாக நகர்த்திக்கொண்டே போனாள். கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக இறங்கியது. துடைக்கவில்லை. அண்ணன் எழுந்து வந்து பக்கத்தில் நின்றான்.

அலமாரியிலிருந்து அந்தப் பழைய லேமினேட் தாளை எடுத்து வந்தாள். இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒரே முத்திரை, ஒரே கையெழுத்து. ஒன்று நடக்கவேயில்லை என்றது. இன்னொன்று நடந்தது என்றது.

"மனசு ஆறிடுச்சா அண்ணி?" என்று கேட்டேன்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"கையெழுத்து நல்லா இல்லையே. கோணலா இருக்கு. நாளைக்குப் போய் இன்னொரு தடவை எழுதி வாங்கிட்டு வா."

மறுநாள் முதல் மணி அடிப்பதற்கு முன்பே ரப்பரின் அறை வாசலில் போய் நின்றேன்.